கால் இல்லாத ‘ர’

கல்பனாவின் கன்னம் விரல்கள் பதிந்து கன்றிப் போயிருந்தது. மோதிரம் பட்ட இடத்தில் மட்டும் தோல் கிழிந்து ரத்தம் காய்ந்து நின்றது.

“யார் அடிச்சது?” என்றாள் பத்மாசினி.

“ஏகாம்பரம். பொண்ணுக்குத் தாய்மாமன். கல்யாண மண்டபத்து வாசல்ல, அம்மாம் ஜனத்துக்கு நடுவுல” என்றாள் சுதா. அந்தப் பீங்கான் பட்டறையின் முதலாளி அவள்தான். அங்கே எழுத்து வேலை பார்க்கும் கல்பனா, அடி வாங்கியவள், தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பத்மாசினி காஞ்சிபுரத்தில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். சுதாதான் போன் பண்ணி வரவழைத்திருந்தாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். குரல் இறங்கிக்கொண்டே போகும். இப்போது அவள் கேட்ட கேள்வி பக்கத்தில் நின்ற ஆல்வினுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ஆல்வின் அவளுடைய உதவியாளன், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன்.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய ஷெட் அது. தரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை வெடி வைத்துத் தகர்த்த மாதிரி துண்டு துண்டாகக் கிடந்தது. அத்தனையும் பட்டறையின் அச்சுகள். மண்டபத்தில் அடித்தது போதாமல் ஏகாம்பரம் நான்கு ஆட்களோடு இங்கேயும் வந்து போயிருக்கிறார்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்றாள் பத்மாசினி.

சுதா சொன்னாள். பட்டுக்கடை தங்கவேலுவின் மகள் சுபாஷ்ரீக்கும் டாக்டர் நந்தகுமாருக்கும் நேற்று நிச்சயதார்த்தம். வந்தவர்களுக்குக் கொடுக்க வெள்ளைப் பீங்கான் கோப்பை, உள்ளே குங்குமச் சிமிழ். கோப்பையின் பக்கவாட்டில் மணமக்கள் பெயரைக் கல்பனா ஊசியால் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். மோதிரம் மாற்றியாகிவிட்டது. தாம்பூலம் கொடுக்கிற நேரத்தில் மாப்பிள்ளை கையிலிருந்த கோப்பையின் மேலெல்லாம் குங்குமம் கொட்டிவிட்டது. துடைத்தார். கோப்பையைக் கவிழ்த்துத் துடைக்கத் துடைக்க வெளி அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி எழுந்து வந்தது.

*இவள் தமிழரசனின் மனைவி.*

“தமிழரசன் யாரு?”

“எங்க அண்ணன்” என்றாள் கல்பனா, முதன்முறையாக வாயைத் திறந்து. “ஒரகடத்துல கம்பெனில வேலை செய்யுது. ஊருக்குள்ள கால் வெச்சா வெட்டுவோம்னு சொல்லிக்கினு திரியறாங்க மேடம். வராதன்னு போன்ல அழுது சொல்லியிருக்கேன்.”

“உங்க அண்ணனுக்கும் சுபாஷ்ரீக்கும் என்ன?”

“ஒண்ணும் இல்ல. சுபா எங்கூடப் படிச்சவ. மழையில ஸ்கூட்டியோட விழுந்துட்டா. அந்தப் பக்கமா வந்த எங்க அண்ணன் பைக்ல இட்டாந்து தெருமுனையில வுட்டுச்சி. அவ்ளோதான். அதுகூட ஊர்ல யாருக்கும் தெரியாது. எனக்கும் சுபாவுக்கும் எங்க அண்ணனுக்கும்தான் தெரியும்.”

“உங்க அண்ணன் பேருங்கறதாலதான் நீ எழுதினேன்னு சொல்றாங்க.”

“அதனால மட்டுமா?” என்றாள் சுதா. அவள் குரல் உடைந்தது. “காலனிப் பையனைப் பட்டுக்கடைக்காரரு தலையில கட்டப் பாக்குதுங்க, அண்ணனும் தங்கச்சியும் சேந்து போட்ட திட்டம்னு மைக் இல்லாத குறையாப் பேசறாங்க. புகார் குடுத்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள இவ ஸ்டேஷனுக்குப் போவணும்.”

பத்மாசினி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரத்துப் பலகைகளில் நிச்சயதார்த்தத்துக்குப் போக மிஞ்சிய கோப்பைகள் வரிசையாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

“ஆல்வின், கோபத்துல வர்றவன் எதை உடைப்பான்?”

“கையில கெடைக்கறதை மேடம். நானா இருந்தா அந்தக் கோப்பைங்களை ஒரே வீச்சுல இழுத்து வுட்டிருப்பேன். சத்தமும் நல்லா வரும்.”

“இவங்க கோப்பையைத் தொடவே இல்லை. உடம்பை வளைச்சுத் தரையில இருந்த அச்சைத் தூக்கிப் போட்டு உடைச்சிருக்காங்க. ஏன்?”

அவள் பலகையிலிருந்து சில கோப்பைகளை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். வெள்ளை அடிப்பாகத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சுதாவிடம் குங்குமம் வாங்கி ஒவ்வொன்றிலும் தேய்த்துத் துடைத்தாள். பெரும்பாலானவை வெறுமையாகவே இருந்தன. இரண்டில் மட்டும் அந்த வரி ரத்தக் கீறலாக எழுந்தது.

“நல்லாப் பாரு. பக்கத்துல இருக்கிற பேரு கல்பனா கையால எழுதினது. ஒரு கோப்பையில ‘சு’ கொஞ்சம் பெருசு, இன்னொண்ணுல சின்னது. கையெழுத்துன்னா அப்படித்தான் இருக்கும். அடியில இருக்கிற வரி?”

ஆல்வின் இரண்டையும் கண்ணருகே கொண்டுபோனான். “ரெட்டைப் புள்ளைங்க மாதிரி கீது மேடம். இந்தக் கடைசி எழுத்துல ஒரு சின்ன வெடிப்பு. அதுலயும் அதே எடத்துல அதே வெடிப்பு.”

“ஒவ்வொரு கோப்பையிலயும் யாரும் எழுதலை. அச்சுலயே எழுதியிருக்கு. அச்சை உடைச்சா சாட்சி போச்சு.”

கோப்பை பிறக்கிற விதத்தை சுதா இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். மாவுக்கட்டுப் போடுகிற அதே வெள்ளை மாவில் அச்சு. பக்கத்துக்கு இரண்டு துண்டு, அடிக்கு ஒரு துண்டு. மூன்றையும் சேர்த்துக் கட்டிக் களிமண் கூழை ஊற்றினால் அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்சுவரில் படிகிற மண்தான் கோப்பை. பட்டறையில் மொத்தம் நான்கு அச்சு.

“அதுல ஒண்ணு மட்டும் இந்தத் தடவை பேஜார் பண்ணிக்கினே இருந்துச்சி” என்றாள் சுதா. “அடி சீக்கிரம் காயவே இல்ல. அடியைச் சுத்தி நூல் மாதிரி ஒரு வரப்பு வேற. பழைய அச்சு, தேஞ்சி பூடுச்சின்னு நெனச்சிச் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம்.”

பத்மாசினி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சிதறலுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஆல்வினும் உட்கார்ந்தான். வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கித் தள்ளிக்கொண்டே வந்தவன் கை ஒரு இடத்தில் நின்றது.

“இன்னா மேடம் இது, வெண்ணெய் பிஸ்கட்டா?”

அவன் உள்ளங்கையில் இருந்த துண்டு வெள்ளை இல்லை. வெளிறிய மஞ்சள். மற்ற துண்டுகள் நகத்தால் கீறினாலே பொடிந்தன. இதை அவள் சாவியால் அழுத்தியும் கோடு விழவில்லை. திருப்பினாள். அதன் முகத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி, புடைத்த பொடி எழுத்துகள்.

“எங்க மாவு இல்ல இது” என்றாள் சுதா திகைத்துப்போய்.

பத்மாசினி அதை உடையாமல் தப்பிய ஒரு பக்கத்துண்டில் பொருத்திப் பார்த்தாள். அச்சின் அடித்துண்டுதான் அது, ஆனால் அளவில் சிறியது. இடுக்கில் நகம் நுழைந்தது.

“சூளையில சுட்டா கோப்பை சுருங்கும், இல்லையா?” என்று சுதாவைக் கேட்டாள். “யாரோ சுட்டு முடிச்ச கோப்பை ஒண்ணை எடுத்து, அதோட அடியில எழுத்தைக் குடைஞ்சு, அது மேல மாவை ஊத்தி இந்தத் துண்டைப் பண்ணியிருக்காங்க. சுருங்கின கோப்பைக்குச் சுருங்கின அச்சு. அப்புறம் இங்க வந்து மாத்தி வெச்சிருக்காங்க. மொத்த வேலையும் தொடங்கறதுக்கு முன்னால சுட்ட கோப்பை வெளியே போச்சா?”

“மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணு. தங்கவேலு அண்ணன் வூட்டுக்கு.”

“அச்சுப் பக்கம் யார் வந்தா?”

“அதுக்கு அப்பால சுபாவும் மாப்பிள்ளையும் ஒரு நாள் பாக்க வந்தாங்க. ரெண்டு பேரும் அச்சைக் கழட்டி மாட்டி வெளாடிக்கினு இருந்தாங்க. நான் டீ வாங்கப் போயிட்டேன்.”

ஆல்வின் இன்னும் கோப்பை அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். “மேடம், ஒரு சந்தேகம். தமிழாசன்னா யாரு? யோகாசனம் மாதிரி எதுனா ஆசனமா?”

“என்ன உளறல்?”

“உளறலை நான் எழுதல. படிச்சிப் பாருங்க.”

அவள் பார்த்தாள். அவன் சொன்னது சரி. ‘தமிழரசன்’ என்று எழுதியவன் ‘ர’வின் கீழே இழுக்க வேண்டிய சாய்ந்த காலை இழுக்காமல் விட்டிருந்தான். ‘தமிழாசன்’ என்றுதான் இருந்தது. பக்கவாட்டில் கல்பனா எழுதிய ‘நந்தகுமார்’ கடைசி எழுத்தில் கால் அழகாக நீண்டிருந்தது. எல்லாக் கோப்பையிலும்.

பத்மாசினி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“இந்தப் பொண்ணை அடிக்கறதுக்கு முன்னால ஒருத்தன், ஒரே ஒருத்தன், ரெண்டு எழுத்தைப் பக்கத்துல வெச்சுப் பார்த்திருக்கலாம்” என்றாள். அது ஆல்வினுக்கு நன்றாகக் கேட்டது. கேட்காமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

*

தங்கவேலு வீட்டுக் கூடத்தில் நேற்றைய பூமாலைகள் அப்படியே வாடிக் கிடந்தன. தங்கவேலு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பேசியதெல்லாம் ஏகாம்பரம்தான்.

“அந்தக் குட்டிக்காக நீங்க வந்துகீறீங்களா? எங்க பொண்ணு வாழ்க்கையே போச்சு. ஒரு அறையோட வுட்டதுக்கு அவ சந்தோஷப்படணும்.”

“உங்க மோதிரத்துல இன்னும் ரத்தம் இருக்கு. கழுவிட்டுப் பேசுங்க” என்றாள் பத்மாசினி.

அவர் தன்னையறியாமல் கையைப் பார்த்தார். அந்த நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு சுபாஷ்ரீ வந்து நின்றாள்.

“அவளை வுட்ருங்க. நான்தான் எழுதினேன்.”

தங்கவேலு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“எனக்கு இந்தக் கல்யாணம் புடிக்கல. அதான் எழுதினேன். போலீஸ்ல என்னை எழுதிக்கச் சொல்லுங்க.”

பத்மாசினி அவளருகே போனாள். “எதால எழுதினே?”

“ஊசியால. மண்ணு ஈரமா இருக்கறப்போ.”

“எத்தனை கோப்பையில?”

“எல்லாத்துலயும்.”

ஆல்வின் பெருமூச்சு விட்டான். “தங்கச்சி, பொய் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிட்டு வரணும். இதுல நீ ஃபெயில்.”

“எழுத்து ஈரமண்ணுல எழுதினது இல்லை. எல்லாக் கோப்பையிலயும் இல்லை” என்றாள் பத்மாசினி. “நீ செய்யலை. ஏன் பழியை ஏத்துக்கறே?”

சுபாஷ்ரீ சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். “சாயங்காலம் அவளை ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போவாங்க. அங்க இன்னா பண்ணுவாங்களோ. மண்டபத்துல மாமா அடிக்கறப்போ நான் பாத்துக்கினுதான் நின்னேன். வாயைத் தொறக்கல. ராத்திரியெல்லாம் அதேதான் கண்ணுல நிக்குது மேடம்.”

“மழையில விழுந்தப்ப தமிழரசன் உன்னைக் கொண்டுவந்து விட்டதை யார்கிட்டச் சொன்னே?”

“கல்பனாகிட்ட. அப்பால, அவருகிட்ட. கட்டிக்கப்போறவரு, ஒளிக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“மாதிரிக்கு வந்த கோப்பை எங்கே?”

இப்போது பேசியது தங்கவேலு. “மாப்பிள்ளை கேட்டாரு. கிளினிக்ல டீ குடிக்க வெச்சிக்கறேன்னு எடுத்துக்கினு போனாரு.”

“அச்சை உடைக்கச் சொன்னது யாரு?”

ஏகாம்பரம் மோதிரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “மாப்ளதான். கோவத்துல அவரு மண்டபத்தை வுட்டுப் போறப்போ சொன்னாரு. அச்சு இருந்தா இன்னும் அடிச்சி ஊரெல்லாம் குடுப்பாளுங்க, மொதல்ல அதை ஒடைங்கன்னு.”

“உங்க மாப்பிள்ளை என்ன டாக்டர்?”

“பல் டாக்டர்.”

பத்மாசினி கைப்பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஏகாம்பரத்தையும் சுபாஷ்ரீயையும் பார்த்தாள். “ரெண்டு பேரும் என் வண்டியில ஏறுங்க. அங்க வந்து வெளி பெஞ்சுல உட்காரணும். நான் கூப்பிடற வரைக்கும் மூச்சு விடக் கூடாது.”

ஆல்வின் தாடையைப் பிடித்துக்கொண்டான். “மேடம், எனக்குப் பல்லு வலிக்குது.”

“எப்பலேர்ந்து?”

“அவரு ‘பல் டாக்டர்’னு சொன்னதுலேர்ந்து.”

*

நந்தகுமாரின் கிளினிக் பஜார் தெருவில் மாடியில் இருந்தது. வெளுத்த சட்டை, மென்மையான பேச்சு. நேற்று நிச்சயதார்த்தம் முறிந்தவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆல்வினைச் சாய்வு நாற்காலியில் சாய்த்து விளக்கை இழுத்து வாய்க்கு நேராக வைத்தார்.

“துணைக்கு வந்திருக்கேன். எனக்கும் ஒரு வேலை இருக்கு, நேத்து நடந்ததைப் பத்தி ரெண்டு கேள்வி” என்றாள் பத்மாசினி, தன் அட்டையை நீட்டி.

“கேளுங்க. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்லை மேடம். சுபாஷ்ரீ மேல பரிதாபம்தான். ஆனா எங்கப்பா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.”

“பெரிய மனசு” என்றாள் அவள்.

நாற்காலிக்கு மேலே பலகையில் மஞ்சள் பல்வரிசைகள் சிரித்துக்கொண்டிருந்தன. நோயாளிகளின் வாயில் அச்செடுத்து வார்த்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் பல் குடைகிற கருவியின் முனையால் பொடி எழுத்தில் பெயர் குடைந்திருந்தது.

“டாக்டர்” என்றான் ஆல்வின், திறந்த வாயோடு. “அந்த மூணாவது பேஷன்ட் உயிரோட கீறாரா?”

“யாரு?”

“சாவணன்னு எழுதியிருக்கீங்க. பேர்லயே சாவு. பல்லு வெளக்கறப்பவே பூடுவாரே.”

நந்தகுமார் சிரித்தார். “சரவணன் அது.”

“எழுதினது சாவணன்தான். ‘ர’வுக்குக் கால் இல்ல. பக்கத்துல பாருங்க, மாகதமாம். மரகதம்தானே அது?”

சிரிப்பு பாதியில் நின்றது. பத்மாசினி மஞ்சள் துண்டைப் பல்வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம். கோப்பையைக் கவிழ்த்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். தமிழாசன்.

“இந்த மாவு எல்லாப் பல் டாக்டர்கிட்டயும் இருக்கும்” என்றார் அவர்.

“எல்லாரும் காலை வெட்டிட்டா எழுதறாங்க? சரி, வேற ஒண்ணு சொல்லுங்க. வெள்ளையில வெள்ளை எழுத்து. பட்டறையில அதைத் தினமும் கையில எடுத்தவங்களுக்கே தெரியலை. மண்டபத்துல அத்தனை பேர் கையிலயும் கோப்பை இருந்தது. குங்குமத்தை அடியில தேய்க்கணும்னு உங்க ஒருத்தருக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?”

நந்தகுமார் போய், வெளியே எட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“எங்கப்பா வாக்கு குடுத்துட்டார் மேடம். நான் வேணாம்னு சொன்னா அவர் என் முகத்துல முழிக்க மாட்டார். சென்னையில ஒரு ஆஸ்பத்திரி ஓனர், தன் பொண்ணைத் தர்றேன்னார். நான் என்ன பண்றது? கல்யாணத்தை நிறுத்தின பழி என் மேல வராம இருக்கணும். ஒரு வரி. யார் உயிரும் போகலை.”

“கல்பனா?”

“யாரு?”

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

பத்மாசினி பேசியபோது உதடுகள் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. “உங்களால ஒருத்தியை வாசல்ல வெச்சு அறைஞ்சாங்க. அவ அண்ணன் சொந்த ஊருக்குள்ள வர முடியாம ஒளிஞ்சிருக்கான். அவ பேரு என்னன்னு தெரிஞ்சுக்கக்கூட உங்களுக்குத் தேவையா இருக்கலை, இல்லை?”

கதவைத் திறந்தாள். வெளிப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்து நின்றார்கள். நந்தகுமார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே இருந்தது.

ஏகாம்பரம் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். பத்மாசினி குறுக்கே நின்றாள்.

“கையை இறக்குங்க. நேத்து தப்பான கன்னத்துல அடிச்சாச்சு. இன்னைக்குச் சரியான கன்னத்துல அடிச்சிட்டா அது இல்லேன்னு ஆயிடுமா?”

சுபாஷ்ரீ அழவில்லை. விரலிலிருந்து நேற்று மாற்றிய மோதிரத்தைக் கழற்றினாள். நாற்காலி ஓரத்தில் நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்புகிற கிண்ணத்தில் அதைப் போட்டாள். தண்ணீர் விசையைத் தானே திருகினாள்.

“நான் நம்பிச் சொன்னதை எடுத்து என் மேலயே எழுதிட்டியே. தூ!” என்றாள். கட்டிக்கப்போகிறவனை ஒருமையில் பேசுவது அந்த ஊரில் முறையில்லை. அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

*

சாயங்காலம் புகாரில் பெயர் மாறியது. காவல் நிலையத்தில் மஞ்சள் துண்டும் பல்வரிசையும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. கல்பனா ஒரகடத்துக்குப் போன் பண்ணி, “வூட்டுக்கு வாண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாயும் முன் ஏகாம்பரம் பட்டறைக்கு வந்தார். உள்ளே வந்ததும் தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு ஷெட் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சுதா உடைசல்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கல்பனாவும் பத்மாசினியும் மேசையருகே நின்றார்கள்.

“தெரியாம நடந்து போச்சும்மா” என்றார் அவர், இரண்டு கையையும் கூப்பி. “ஆத்திரத்துல புத்தி வேலை செய்யல. அச்சுக்கெல்லாம் நானே பொறுப்பு. மன்னிச்சிடு. இத்தோட வுட்ருவோம்.”

சுதா துடைப்பத்தை நிறுத்தினாள். “அவரே வந்து கேக்கறாரு, கல்பனா...” என்று இழுத்தாள்.

கல்பனா நேற்றிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை நிமிர்த்தி, ஏகாம்பரத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அடிச்சது மண்டபத்து வாசல்ல. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கினா?”

அவர் கூப்பிய கை அப்படியே நின்றது.

பத்மாசினி போய்ச் சாத்திய கதவை அகலத் திறந்தாள். வெளியே வண்டி நின்றது. ஆல்வின் அதற்குள் முன் இருக்கையில் ஏறி வண்டியைக் கிளப்பியிருந்தான்.

“ஏறுங்க” என்றாள் அவள் ஏகாம்பரத்திடம். இந்த முறை தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். “மண்டபத்து வாசல் வரைக்கும் நான் கொண்டு விடறேன்.”